மெயினுக்கு முன்னால்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள யோசுவா அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ நலமா? முதல் வரியில் இது இருக்கிறதா என்று என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் அம்மா அடுப்படிக்குப் போனாள். "என்ன எழவு விழுந்தாலும் மொதல்ல நலம்னு எழுதணும் மக்களே. இல்லேன்னா வாசிக்கியவங்களுக்கு நெஞ்சு பக்குன்னு ஆயிரும்" என்றாள். அப்பா இறந்ததைப் பெரியம்மாவுக்கு எழுதியபோதும் அம்மா அப்படித்தான் ஆரம்பித்தாள். பெரியம்மா பாதிக் கடிதம் சிரித்துக்கொண்டே வாசித்தாராம்.

ஒடிசா மலையில் குளிர் எப்படி? மிஷனரிப் பயிற்சி முடியும்வரை போனைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல். பேனா பிடித்துக் கை வலிக்கிறது. பரீட்சையில்கூட இவ்வளவு எழுதியதில்லை. அதனால்தானே காலேஜை விட்டேன்.

தாணுமாலையன் அண்ணாச்சியின் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் உன் நாற்காலியில் இப்போது நான். உன் கம்ப்யூட்டர், உன் சால்டரிங் இரும்பு, விழிஞ்ஞத்து மீன்பிடி வள்ளங்களுக்கு நீ செய்துகொடுத்த பெட்டிகள், எல்லாம் என் தலையில். அண்ணாச்சி எனக்குக் கொடுத்த பயிற்சி இவ்வளவுதான்: "பெட்டி வள்ளத்துல இருக்கும் பிள்ளே. வள்ளம் எங்க கெடக்குன்னு அப்பப்பம் கரைக்குச் சொல்லும். ஆபத்துன்னா செவப்பு பட்டன அமுக்கணும். கரையில ஷெட்டுல இருக்க ஸ்க்ரீன்ல அபாயம்னு வரும். அதுக்கு மேல ஒனக்க அண்ணனுக்கும் ஒங்க கர்த்தருக்கும்தான் வெளிச்சம்."

இப்போது சந்தேகம். போன வாரம் ஒரு பெட்டி ரிப்பேருக்கு வந்தது. மேசையில் வைத்து இணைப்புக் கொடுத்ததும் 'நலம்' என்று அனுப்பியது. சரி, உன் புரோகிராமில் மெயின் என்ற பகுதியின் முதல் வரியே அதுதான். ஆனால் சும்மா இருக்கும்போது மறுபடியும் 'நலம்'. டீ குடித்துவிட்டு வந்தால் இன்னொரு 'நலம்'. அதைத் திரும்ப அனுப்பச் சொல்லி எந்த வரியும் இல்லை, தேடிவிட்டேன். மெயினில்தான் எல்லாம் தொடங்கும் என்று காலேஜில் சொன்னார்கள். அங்கே சொன்னதில் எனக்கு ஞாபகம் இருப்பதே அது ஒன்றுதான். அதுவும் பொய்யா? மெயினுக்கு முன்னால் என்ன நடக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் அனுப்புகிறாள். பார்சல் ஒழுகினால் நான் பொறுப்பில்லை.

தங்கை,
ரெம்யா


ராயகடா மாவட்டம், ஒடிசா
2 பிப்ரவரி 2025

பிரியமுள்ள தங்கை ரெம்யாவுக்கு,

ஆண்டவருடைய கிருபை உங்கள் இருவரோடும் இருப்பதாக. இங்கே நான் நலம். ஊறுகாய் ஒழுகாமல் வந்தது. விடுதியில் ஒரே வேளையில் பாதி காலி.

காலேஜில் சொன்னது பொய் இல்லை. பாதிதான் சொன்னார்கள். சி மொழியில் நாம் எழுதுவது மெயினில் தொடங்குகிறது. ஆனால் மெயின் என்ற பெயரே பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்குத் தெரியாது. மின்சாரம் வந்ததும் அது தன் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பார்க்கும், அங்கே இருக்கும் முகவரிக்குப் போகும். அந்த முகவரியில் நாம் எழுதாத ஒரு சிறிய நிரல் இருக்கிறது. அது கம்பைலரோடு, அதாவது நாம் எழுதுவதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் மென்பொருளோடு, வருவது. லிங்கர் என்ற இன்னொரு மென்பொருள் அதை நம் புரோகிராமோடு சேர்த்துக் கட்டிவிடும். உண்மையான வாசல் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வருவதற்கு முன்பே ஒருவர் வந்து பெஞ்சுகளைத் துடைப்பார், பலகையிலிருக்கும் போன வாரப் பாட்டு எண்களை அழிப்பார், மணி அடிப்பார். அவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் முடித்த பிறகுதான் ஆராதனை தொடங்கும். அந்த நிரலும் அப்படித்தான். புரோகிராமில் மதிப்புகளைக் குறித்துவைக்க நாம் வைத்திருக்கும் மாறிகளையெல்லாம் பூஜ்யமாக்கும், தொடக்க மதிப்புக் கொடுத்தவற்றுக்கு அதை வைக்கும். பிறகு மெயினைக் கூப்பிடும். சிப் ரீசெட் ஆனால் எல்லாம் மறுபடி அங்கிருந்தே ஆரம்பம். பழையது எதுவும் நினைவிருக்காது.

மின்னழுத்தம் சட்டென்று குறைந்தால் சிப் தானாக ரீசெட் ஆகும். உன் பெட்டிக்கு அதுதான் வியாதி. பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்துவிடு. அதற்கு மேல் அதைத் தோண்டவேண்டாம்.

முதல் வரியில் ஏன் 'நலம்' என்று கேட்பாய். ஷெட்டுக்கு வந்து ஸ்க்ரீனைப் பார்க்கும் பெண்கள், வள்ளம் எங்கே என்று முதலில் கேட்பதில்லை. ஆள் எப்படி என்றுதான் கேட்பார்கள். பெட்டி உயிர்பெற்றதும் அவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போகட்டும் என்று வைத்தேன். அம்மாவிடம் வளர்ந்தவன் வேறு எப்படி ஆரம்பிப்பேன்?

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்,
யோசுவா


ஆரியசாலை
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மாவின் முழங்காலும் சுமாராக நலம். நீ?

வயரை மாற்றினேன், சரியாகிவிட்டது. வாசல் விஷயம் பிரமாதம். காலேஜில் நீ பாடம் எடுத்திருந்தால் இன்னும் ஒரு வருஷமாவது அங்கே இருந்திருப்பேன்.

நேற்று சாலைக் கடைத்தெருவில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? ஷிபுவை. விழிஞ்ஞத்து ஷெட்டில் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அதே ஷிபு. அரிசி மொத்தக்கடையில் மூட்டை சுமக்கிறான். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஏ ஷிபு, நீ எப்பம் லோடிங் ஆளான?"

"மாறி நில்லு பிள்ளே, தலையில சாக்கு இருக்கு."

"ஷெட்டுல இப்பம் யாரு?"

"யாரோ. நான் அந்தப் பக்கம் போறதில்ல."

டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் வாயைத் திறக்கவில்லை. பிறகு நிறுத்தவில்லை. போன ஆகஸ்டில் கடலில் இறந்துபோன அருமைநாயகம் அண்ணன் இவனுடைய அத்தானாம், அக்கா லீலாபாயின் வீட்டுக்காரர். எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும், நீதான் அடக்கத்துக்குப் போயிருந்தாயே.

அன்று காலையில் கடல் திடீரென்று மாறியதாம். அருமைநாயகம் அண்ணன் எப்போதும் தனியாகத்தான் தூண்டிலுக்குப் போவார். தேடிப் போகலாமா என்று இரண்டு வள்ளத்துக்காரர்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். ஷிபு ஸ்க்ரீனைக் காட்டியிருக்கிறான்.

"நலம்னு வந்துது ரெம்யா. ஒரு தடவ இல்ல, எத்தனையோ பிராவசியம். அத்தானுக்கு ஒண்ணும் இல்ல, வெறுதே நீங்க போய்ச் சாகாண்டாம்னு நான்தான் சொன்னேன். மறுநாள் பாடி கரைக்கு வந்துது."

"அபாயம்னு வரவே இல்லியா?"

"வந்திருந்தா நானே நீந்திப் போயிருக்க மாட்டேனா?"

பெரிய அலை ஒன்று ஒரே அடியாகக் கவிழ்த்திருக்கும், பட்டனை அமுக்க நேரமே இருந்திருக்காது என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். ஆனால் போகவேண்டாம் என்று தடுத்தவன் இவன். லீலாபாய் அக்கா அன்றிலிருந்து தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் மாமா என்று ஓடி வந்தால் கதவைச் சாத்துகிறாராம்.

ஒன்று உறுத்துகிறது. அலை ஒரே அடியாகக் கவிழ்த்திருந்தால் ஏன் அத்தனை 'நலம்'? அவருடைய பெட்டியிலும் வயர் கோளாறா? நீ சொல்.

ரெம்யா


ராயகடா
10 மார்ச் 2025

பிரியமுள்ள தங்கைக்கு,

சமாதானம் உண்டாவதாக. நலமாயிருக்கிறேன். இடையில் காய்ச்சல் வந்து போனது, பயப்படும்படி இல்லை என்று அம்மாவிடம் சொல். இங்குள்ள மக்களின் மொழி கொஞ்சம் பிடிபடுகிறது. தண்ணீர் கேட்கவும் வழி கேட்கவும் தெரிந்துவிட்டது. மலைப்பாதையில் கற்கள் அதிகம், அம்மா கொடுத்த செருப்பு அறுந்துவிட்டது.

ஷிபுவுக்காக ஜெபிக்கிறேன். நீயும் ஜெபி.

காலேஜுக்குத் திரும்பிப் போவதைப் பற்றி யோசித்தாயா? அண்ணாச்சி கடை உனக்கு நிரந்தரம் இல்லை.

அன்புடன்,
யோசுவா


ஆரியசாலை
25 மார்ச் 2025

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். காய்ச்சல் விட்டதா?

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் செருப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பார்த்தேன். பார்த்த கையோடு, கடையில் நின்றபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

வள்ளத்தில் பேட்டரி எப்படி இருக்கும்? உப்புத்தண்ணீரில் நனைந்து, பாதி செத்துப்போய். கடை மேசையில் அப்படி ஒரு பழைய பேட்டரியை வைத்தேன். பெட்டியை இணைத்தேன். 'நலம்' வந்தது. சிவப்பு பட்டனை அமுக்கினேன்.

உன் புரோகிராம் செய்யவேண்டியதைச் செய்கிறது. 'அபாயம்' என்று ஒரு மாறியில் குறித்துக்கொள்கிறது. சைரனைப் போடுகிறது. ரேடியோவை முழுச் சக்திக்கு ஏற்றுகிறது. இரண்டும் சேர்ந்து இழுப்பதைப் பேட்டரி தாங்கவில்லை. செய்தி வெளியே போவதற்குள் சிப் விழுந்துவிடுகிறது. ரீசெட். வாசலில் உன் பெஞ்சு துடைக்கிறவர் வந்து எல்லாவற்றையும் அழிக்கிறார். 'அபாயம்' என்ற குறிப்பும் போகிறது. பிறகு மெயின். மெயினின் முதல் வரி. அதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும், அது சுலபமாகப் போய்விடுகிறது.

ஸ்க்ரீனில் 'நலம்'.

நான் நம்பவில்லை. மறுபடி அமுக்கினேன். 'நலம்'. அமுக்கினேன், 'நலம்'. அழுத்திப் பிடித்தேன், குத்தினேன், மேசையில் போட்டு அடித்தேன். ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு 'நலம்'. பெட்டி அப்போதுதான் பிறந்த மாதிரி, எதுவுமே நடக்காத மாதிரி.

எனக்குச் சோறு கொண்டுவந்த அம்மா வாசலில் நின்று, "என்னட்டி, பேயடிச்ச மாதிரி இருக்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அண்ணா, அலை ஒரே அடியாகக் கவிழ்க்கவில்லை. அருமைநாயகம் அண்ணன் பட்டனை அமுக்கியிருக்கிறார். அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இந்தப் பெட்டிகள் இன்னும் விழிஞ்ஞம் முழுக்க வள்ளங்களில் இருக்கின்றன. ஜூனில் சீசன் தொடங்கும், தெற்கேயிருந்தும் வள்ளங்கள் வந்து சேரும். உடனே பதில் எழுது. ஜெபத்தைப் பற்றி எழுதாதே.

ரெம்யா


ஆரியசாலை
12 ஏப்ரல் 2025

அண்ணா,

அம்மா நலம். நீ நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

உன் பதில் வரவில்லை. காத்திருக்க முடியாமல் நானே திருத்தலாம் என்று உன் கம்ப்யூட்டரில் பழைய கோப்புகளைத் தேடினேன். திருத்தவேண்டிய வேலையே இல்லை. ஏற்கெனவே திருத்தியிருக்கிறது. அந்தப் புரோகிராமில் மெயினின் முதல் வரி 'நலம்' இல்லை. ஏன் ரீசெட் ஆனோம் என்று அது முதலில் சிப்பிடம் கேட்கிறது. 'அபாயம்' என்ற குறிப்பை வாசல்காரர் அழிக்காத இடத்தில் வைக்கிறது. சைரனையும் ரேடியோவையும் ஒன்றாகப் போடவில்லை. அழகான வேலை. உன் கை.

கோப்பின் தேதி போன செப்டம்பர். நீ ஊழியத்துக்குப் போனது அக்டோபர்.

உனக்குத் தெரியும்.

எந்தப் பெட்டியிலும் அதைப் போடவில்லை. ஒன்றில்கூட இல்லை. கடைக்கு வந்தவற்றைத் திறந்து பார்த்துவிட்டேன்.

ரெம்யா


ராயகடா
28 ஏப்ரல் 2025

ரெம்யா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் அப்படியே சொல்.

அடக்கம் முடிந்த வாரம் நீ செய்ததையே நானும் செய்தேன், அதே மேசையில். அருமைநாயகம் அண்ணனின் பேட்டரி எவ்வளவு பழையது என்று எனக்குத் தெரியும். பெட்டியை மாட்டிக்கொடுத்தவனே நான். புதுப் பேட்டரி வாங்குங்கள் என்றேன். "இந்த ஓணம் களியட்டும்டே, அதுக்குப் பெறகு பாப்போம்" என்றார்.

திருத்தி எழுதினேன். அண்ணாச்சியிடம் சொல்லப் போனேன். அங்கே துறைமுகத்து ஆட்கள் இருந்தார்கள். எல்லோருமாக ஷிபுவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "இவன் உண்டாக்குன பெட்டி ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு, மனுசன் பண்ணுன தப்பு" என்றார். யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். வாயைத் திறக்காமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது ரெம்யா. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

புதிய புரோகிராமைப் போடவேண்டுமென்றால் பெட்டிகளைத் திரும்ப வாங்கவேண்டும். ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஒரு மாதம் கடத்தினேன். பிறகு சபையில் எழுந்து நின்று எனக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று சொன்னேன். பாட்டுப் பாடி வழியனுப்பினார்கள். நீகூட அழுதாய்.

நீ கண்டுபிடிக்கும் வரை வேறு எந்த வள்ளமும் கடலில் கவிழாமல் இருந்தது யாருடைய இரக்கம் என்று தெரியவில்லை. என்னுடையது இல்லை. அந்தத் திருத்தத்தை எல்லாப் பெட்டியிலும் போட்டுவிடு, சீசனுக்கு முன்னால். அதை மட்டும் செய். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லாதே.

யோசுவா


ஆரியசாலை
17 மே 2025

அண்ணனுக்கு,

அம்மா நலம். உன் கடிதம் எங்கே என்று கேட்டாள். மழையில் நனைந்துவிட்டது என்றேன். பொய் சொல்லவும் பழகிவிட்டேன், உன் தயவு.

பெட்டி விஷயம். அண்ணாச்சியிடம் மேசையில் வைத்துக் காட்டினேன். ஸ்க்ரீனைப் பார்த்தார், பட்டனைப் பார்த்தார், அவரே அமுக்கிப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

"பிள்ளே, இத வெளிய சொன்னா என்ன உள்ள தள்ளிருவானுவ."

"சொல்லாம இன்னொரு ஆளு செத்தா?"

"நீ ஒரு சின்னப் பிள்ள, காலேஜே முடிக்கல்ல..."

"காலேஜ் முடிச்சவன் எழுதுனதுதான் அண்ணாச்சி இது."

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் ஸ்கூட்டரோடு நம் வீட்டு வாசலில் நின்றார். "ஏறு" என்றார். வள்ளம் வள்ளமாக ஏறிப் பெட்டிகளைக் கழற்றினோம். எனக்கு வாந்தி. அண்ணாச்சி வேட்டியோடு தண்ணீரில் விழுந்து எழுந்தார். புது புரோகிராம் போடுகிறோம் என்று மட்டும் சொன்னோம். இதை எழுதும்போது ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது. இனி யார் அமுக்கினாலும் 'அபாயம்' போகும். செத்த பேட்டரியில் சோதித்துவிட்டேன்.

இப்போது உனக்கு எழுதவேண்டிய விஷயம். நான் ஷிபுவிடம் சொல்லிவிட்டேன்.

நல்ல செய்தி கொண்டுபோகிற மாதிரிப் போனேன் அண்ணா. முட்டாள். "உன் மேல தப்பில்ல, பெட்டிதான் தப்பு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சந்தோஷப்படுவான், அக்காவிடம் ஓடுவான் என்று நினைத்தேன். அவன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"அப்பம், ஒவ்வொரு நலமும் அத்தான் பட்டன அமுக்குனதா?"

நான் தலையாட்டினேன்.

"காலையில தொடங்கி மத்தியானம் உச்ச வரைக்கும் வந்துது ரெம்யா." அவன் என்னைப் பார்க்கவில்லை. "அத்தான் இன்னைக்கு நல்ல குஷியில இருக்காருன்னு நான் சிரிச்சேன். பக்கத்துல இருந்தவன்ட்ட காணிச்சுச் சிரிச்சேன்."

பிறகு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"அக்காட்ட சொல்லாண்டாம். அத்தான் ஒரு நிமிசத்துல போயாச்சுன்னு அவ நெனச்சிட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும். என்ன எவ்வளவு வேணும்னாலும் வெறுக்கட்டும், நான் தாங்கிக்கிடுவேன். இத அவ தாங்கமாட்டா."

ஆகவே நீ எதுவும் செய்யாதே. லீலாபாய் அக்காவுக்கு எழுதாதே. எழுதவேண்டும் என்று நான் உன்னைத் திட்டுவதாக இருந்தேன், இப்போது எழுதாதே என்று கெஞ்சுகிறேன். இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்டவன் ஷிபு. நம் இரண்டு பேருக்கும் அவன் முன்னால் என்ன உரிமை இருக்கிறது?

ரெம்யா


ராயகடா
15 மே 2025

தங்கை ரெம்யாவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் எனக்குத் தைரியம் போய்விடும் என்று பயந்து இன்று காலையில் லீலாபாய் அக்காவுக்கு எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் எழுதினேன், எதையும் குறைக்கவில்லை. பதிவுத் தபாலில் போட்டேன். ஷிபு மேல் ஒரு குற்றமும் இல்லை என்று கடைசியில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

யோசுவா


ஆரியசாலை
30 மே 2025

அண்ணனுக்கு,

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி, மருந்தில் இறங்கியிருக்கிறது. எல்லாம் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நான் நலம்.

நீ நிம்மதியாகச் சாப்பிட்ட கடிதமும் என் கெஞ்சல் கடிதமும் வழியில் எங்கேயோ ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன் தேதியைப் பார்த்ததும் ஷிபுவிடம் சொல்ல சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் லீலாபாய் அக்கா அங்கே நின்றார்.

அரிசி லாரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஷிபு தலையில் மூட்டையோடு வந்தான். அக்காவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"லே, எறக்கு அத."

இறக்கினான். அவர் உன் கடிதத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒனக்கு இது முன்னமே தெரியுமா?"

"கொஞ்ச நாளாட்டு."

"ஏன் சொல்லல்ல?"

"அத்தான் ரொம்ப நேரம் கஷ்டப்பட்டது ஒனக்குத் தெரியாண்டாம்னு..."

"என்னைய என்னண்ணு நெனச்ச நீ?" அக்காவின் சத்தத்தில் லாரிமேல் இருந்தவர்கள் மூட்டையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். "அவரு ஒரு நிமிசத்துல போனாருன்னு நான் நம்புனேனா? நான் அவருக்க பொண்டாட்டிடே. சட்டுன்னு விட்டுக் குடுக்க ஆளா அவரு? அவரு கூப்பிட்டிருப்பாரு, கூப்பிட்டுக்கிட்டே இருந்திருப்பாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீ அத மறைச்சன்னுதான் இத்தனை நாளும் ஒனக்க மொகத்தப் பாக்கல்ல!"

ஷிபு வாயைத் திறந்தபடி நின்றான். அபாயம் என்று வந்ததை அவன் பார்க்காமல் தூங்கியிருப்பான், பிறகு பயந்து 'நலம்' மட்டும்தான் வந்தது என்று கதை கட்டினான் என்றே அக்கா இத்தனை மாதமும் நினைத்திருக்கிறார். அவன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை என்பதை உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்.

அவர் மூட்டைமேல் உட்கார்ந்தார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான், மேலே இருந்தவர்களே அவனை அதட்டினார்கள்.

"எடையில எழும்பிப் போனியா?" இப்போது அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "அந்த நலம் வந்துக்கிட்டு இருந்தப்பம்."

"இல்ல. அங்கேயேதான் இருந்தேன். சோறு திங்கக்கூடப் போகல்ல."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். தோளில் சாக்குத் தூசி, எலும்பு துருத்தியிருக்கிறது. "இன்னைக்குத் தின்னியா?" என்றார். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். லாரியை விட்டுவிட்டு நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால், சத்தம் போட்டு.

நான் மெதுவாக நழுவப் பார்த்தேன். அக்கா கூப்பிட்டார்.

"நில்லு. நீதானே அவனுக்க தங்கச்சி?"

"ஆமா அக்கா."

"நல்லா எழுதியிருக்கான். வடிவான எழுத்து. அழுதுகூட எழுதியிருக்கான், மை பரந்திருக்கு." கடிதத்தை நாலாக மடித்து என் கையில் திணித்தார். "எனக்கு இது வேண்டாம். ஊரு பாக்க இவன ஷெட்டுல இருந்து அடிச்சு எறக்கினாங்க. ஊரு பாக்கத்தான் சொல்லணும். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு எல்லாரும் ஷெட்டுல இருப்பாங்க. வரச் சொல்லு. எனக்க முன்னால, ஷிபுவுக்க முன்னால நின்னு வாயால சொல்லட்டும். அதுக்குப் பெறகு அடிக்கணுமா கும்பிடணுமான்னு நான் யோசிக்கேன்."

அடுத்த ஞாயிறு என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இருப்பார்களாம். ஷிபுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "அவன் வந்தா நானும் வந்து நிக்கேன். பெட்டி என் கடைப் பெட்டிதானே" என்றார். அவருக்குப் பயம் போகவில்லை, ஆனால் வருவார்.

அக்கா திருப்பிக்கொடுத்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே.

ரெம்யா